சிவப்புப் புள்ளி வைத்த பெட்டி

முப்பத்தொரு வருஷம் அடுத்தவர் மலத்தையும் சளியையும் பார்த்தே வயிறு கழுவியவன் நான். படிக்கும்போதே உங்களுக்கு முகம் சுளிக்கும். சுளிக்கட்டும். பெரிய ஆஸ்பத்திரி லேப்பில் காலை எட்டு மணிக்கு ஜன்னலைத் திறந்தால் கைகள் வரிசையாக நீளும். ஒவ்வொரு கையிலும் ஒரு டப்பா. சிலது மூடி சரியாகப் போடாமல் வழிந்துகொண்டிருக்கும். வாங்கி, பேர் எழுதி, கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால் மத்தியானம் வரைக்கும் புழுவும் முட்டையும் சீழும்தான். அப்புறம் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருவேன். எத்தனை சோப்புப் போட்டாலும் விரல் இடுக்கில் அது இருப்பதாகவே தோன்றும். ரிட்டயர் ஆன அன்றைக்கு எல்லோரும் நல்லபடியாகப் பேசி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக நகத்தை ஒட்ட வெட்டினேன்.

இந்தக் கதையில் நான் நல்லவன் இல்லை. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் ஏமாந்துபோக வேண்டாம்.

வேலை போனதும் கண்ணுக்கு வேலையில்லை. கண்ணாடிக் கடைக்குப் போனபோது சுவரில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். கடுகளவு கற்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரசிக்கிறவர்களின் குழு, ஞாயிறு காலை பத்து மணி, பல் ஆஸ்பத்திரி மாடி. கீழே, மைக்ராஸ்கோப் பழகியவர்கள் அவசியம் வரவும் என்று போட்டிருந்தது. அந்தக் கடைசி வரியில் விழுந்தேன். யாரோ என்னை அவசியம் வரச் சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்தது.

போனால் எட்டுப் பேர், ஆறு மைக்ராஸ்கோப். தலைவர், காலேஜில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் புரொபசர். செயலாளர், கீழே ஆஸ்பத்திரி வைத்திருக்கும் பல்டாக்டர். பல்லைக் குடைகிற கொக்கிகளில் பழசானவற்றை மாடிக்குக் கொண்டுவந்துவிடுவார். அவற்றால்தான் கல்லில் ஒட்டியிருக்கும் மண்ணை நோண்டுவார்கள். போன வருஷம் யார் சொத்தைக்குள்ளோ இருந்த கொக்கி. நோண்டிவிட்டு அதே கையால் பிஸ்கட்டை எடுத்துக் கடிப்பார். புரொபசரோ புத்தகத்தைப் புரட்டும்போதெல்லாம் விரலை நாக்கில் ஒற்றி ஒற்றிப் புரட்டுவார். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. படித்தவர்கள் கூடுகிற இடம், போனால் போகிறது என்று அடக்கிக்கொண்டேன்.

"வாங்க, வந்து பாருங்க" என்று புரொபசர் ஒரு மைக்ராஸ்கோப்பைக் காட்டினார்.

குனிந்தேன். அம்மாடி! கடுகில் பாதி இருக்குமா அந்தக் கல்? அதற்குள் ஊதாக் கண்ணாடியில் செய்த கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றன. விளிம்பெல்லாம் கத்தி. அழுக்கில்லை, நெளிவில்லை, எதுவும் ஊரவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தக் குழாய் வழியாக நாற்றமில்லாத ஒரு பொருளை அன்றைக்குத்தான் பார்த்தேன். பச்சைத் தண்ணீரில் முகம் கழுவிய மாதிரி இருந்தது. இனி சாகிறவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை இங்கேதான் என்று அப்போதே முடிவுகட்டிவிட்டேன்.

சேருவதற்கு ஒரே ஒரு நிபந்தனை. புதிதாக வருகிறவர் தன் பங்குக்கு ஒரு கல் கொண்டுவர வேண்டும். அதைத் துண்டாக்கி, உள்ளங்கையில் அடங்குகிற கண்ணாடி மூடிப் பெட்டியில் ஒட்டி, என்ன கல், எந்த இடம், சேகரித்தவர் யார் என்று சின்னச் சீட்டில் எழுதி வைப்பார்கள். கல்லுக்கு நான் எங்கே போவேன்? எனக்குத் தம்பி இருந்தான்.

தம்பி என்று நான் சொல்வது பக்கத்து வீட்டுக்காரனை. எங்களுடையது லைன் வீடு. ஐந்து வீட்டுக்கும் நீளமாக ஒரே சிமெண்ட் ஷீட் கூரை, பின்னால் ஒரே முற்றம். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அவனும் என்னை அண்ணே என்பான், அவன் பெண்டாட்டியும் அண்ணே என்பாள். எனக்கு அவள் தங்கச்சி.

"ரெண்டு பேருக்கும் நான் அண்ணன்னா நீங்க ரெண்டு பேரும் என்ன முறைம்மா ஆகுது?" என்று அவளை வம்புக்கு இழுப்பேன்.

"சும்மா இருங்கண்ணே. அப்புறம் குழம்புல உப்பு இருக்காது" என்பாள். எனக்குச் சமைத்துப் போட ஆளில்லை என்று தினமும் மத்தியானம் ஒரு கிண்ணம் அவள் வீட்டிலிருந்துதான் வரும். அதனால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்வேன்.

அவள் தெருவுக்கெல்லாம் துணி தேய்த்துக் கொடுக்கிறவள். முன்னறையில் மேஜை போட்டு, காலையிலிருந்து நின்றபடியே தேய்ப்பாள். அவன் கல் குவாரியில் ஒன்பது வருஷமாக டிரில் போடுகிறவன். இடுப்புயர மெஷினை வயிற்றில் முட்டுக்கொடுத்துக்கொண்டு பாறையில் வரிசையாக ஓட்டை போட வேண்டும். அதில்தான் வெடிமருந்தை அடைப்பார்கள். ஓட்டை போடும்போது தண்ணீர் விட்டால் தூசு அடங்கும். தண்ணீர் குடிக்கவே லாரியில் வருகிற இடத்தில் பாறைக்கு யார் ஊற்றுவது? துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு போடுவான். சாயங்காலம் வந்தால் புருவம், காது மயிர், கழுத்து மடிப்பு எல்லாம் மாவு. அவள் பின்வாசலில் நிறுத்தி ஈரமில்லாத துண்டால் அடிப்பாள். புகை மாதிரிக் கிளம்பும்.

"பொண்டாட்டி அடிச்சு வாங்காத நாளே கிடையாதுண்ணே எனக்கு" என்று இருமிக்கொண்டே சிரிப்பான்.

அந்த இருமல் எனக்கு மனப்பாடம். குட்டையாக மூன்று, அப்புறம் இழுத்து ஒன்று. கடைசியில் காறுவான். சுவருக்கு இந்தப் பக்கம் நான் தட்டை நகர்த்திவைத்துவிடுவேன். ஒருநாள் எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் காட்டினேன். டப்பா கொடுத்துச் சளியை வாங்கிக்கொண்டுபோய், பழைய லேப்பில் என் கீழ் வேலை பார்த்த பையனிடம் கொடுத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கிருமி இல்லை.

"ஒண்ணுமில்ல தம்பி. வெறும் தூசு" என்றேன்.

வெறும் தூசு என்று சொன்ன இந்த வாயை என்ன செய்தால் தகும்?

கல் வேண்டும் என்று கேட்டதும் மறுநாளே சாப்பாட்டுப் பையில் ஒரு கட்டி கொண்டுவந்தான். சாம்பல் நிறப் பாறை. நடுவில் ஒரு பிளவு. பிளவுக்குள் வெள்ளையாக, பட்டுமயிர் நறுக்கி வைத்த மாதிரி ஏதோ முளைத்திருந்தது.

"இது உதவுமாண்ணே? கீழ்க்குழிப் பக்கம் கெடந்துது. கையில தேய்ச்சா பஞ்சு மாதிரி வருது பாருங்க" என்று தேய்த்துக் காட்டினான். நானும் தேய்த்துப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அதைப் பையோடு தூக்கிக்கொண்டு மாடியேறினேன். புரொபசர் பைக்குள் எட்டிப் பார்த்தார். கண் விரிந்தது. சட்டென்று ஓரடி பின்னால் போனார்.

"பையை பால்கனியிலயே வெச்சிடுங்க. உள்ள வேண்டாம்."

செருப்பை வெளியே விடச் சொல்கிற மாதிரி என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரம் போனபோது என் கல் பெட்டிக்குள் போயிருந்தது. எல்லோரும் முறை வைத்துக் குனிந்து பார்த்தார்கள். மற்றப் பெட்டிகளையெல்லாம் திறந்துவைத்துப் பார்ப்பவர்கள், இதை மட்டும் மூடிய மூடி வழியாகவே பார்த்தார்கள். அவ்வளவு மெல்லிய ஊசிகள், தூசு படக்கூடாது என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். தூசு படக்கூடாதாம். என் மூளையைச் செருப்பால் அடிக்க வேண்டும். மூடியின் மூலையில் சிவப்பாக ஒரு புள்ளி ஒட்டியிருந்தது. சுற்றிப் பார்த்தேன். மற்ற எந்தப் பெட்டியிலும் புள்ளி இல்லை. சீட்டில், சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயர்.

எங்கள் லேப்பில் சிவப்பு மசியில் வட்டம் போட்டால், இது முக்கியம், பெரிய டாக்டருக்குக் காட்ட வேண்டியது என்று அர்த்தம். அந்தப் பழக்கம். இதுவும் அப்படித்தான், தேர்ந்த கல்லுக்கு வைக்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் விஷயம் தெரியாதவன் என்று ஆகிவிடுமே. அந்தப் பவிசுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். "தம்பி, அத்தனை பெட்டி இருக்கு. உன் கல்லுக்கு மட்டும்தான் சிவப்புப் புள்ளி!"

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஒன்பது வருஷமாக உடைத்த கல்லெல்லாம் ரோட்டுக்கு அடியில் போனது. படித்தவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவன் கல் ஒன்றைப் பார்க்கிறார்கள்!

அப்புறம் என்ன, பதினாலு மாதம். வாரத்துக்கு ஒரு பை. பெரிய கட்டியைத் தூக்கிப் போக முடியாது, புரொபசரும் சின்னதாகத்தான் கேட்டார். அதனால் உடைக்கிற வேலை தங்கச்சியிடம் வந்தது. பின்வாசல் படியில் சாக்கை விரித்து, சுத்தியலால் தட்டுவாள். தேய்த்துத் தேய்த்துச் சுருக்கம் கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு. எந்தக் கல்லுக்குள் பொந்து இருக்கும் என்று தட்டுகிற சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். பொந்து வந்தால் மேலே கிடக்கும் பொடியை வாயால் ஊதிவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, "இந்தாங்கண்ணே, உங்க பெரிய மனுஷங்களுக்கு" என்று நீட்டுவாள். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவள் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, இது வேண்டாம், அது நல்லது என்று பொறுக்குவேன். பொடியை அவள் துடைப்பத்தால் கூட்டி முற்றத்து ஓரத்தில் தள்ளுவாள். இருப்பதிலேயே அழகான ஒரு கட்டியை டிவி மேல் வைத்திருந்தாள். தினமும் துணியால் துடைப்பாள்.

ஒருமுறை எனக்கு உடம்பு முடியவில்லை என்று தம்பியே பையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். அதைப் பற்றி ஒரு வாரம் பேசினான்.

"அண்ணே, அந்த அய்யா பால்கனிக்கே வந்து நின்னு பேசினாருண்ணே. உள்ளேயே உக்காந்திருக்கலாம்ல? நம்மள மதிச்சு எந்திரிச்சு வந்தாரு. கீழ்க்குழியில இன்னும் எவ்வளவு இருக்கு, பாறையில ஓடுற வெள்ளைப் பட்டை எவ்வளவு அகலம்னு ஒண்ணொண்ணா கேட்டாரு. பாவம், அவருக்கும் சளி போல. கர்ச்சீப்பை மூக்குலேருந்து எடுக்கவே இல்ல."

"உங்களுக்கும்தான் இருமல். யாரு பாவம்னு சொல்றா?" என்றாள் தங்கச்சி.

"நமக்கு வேலை அப்படி. அவரு பெரிய மனுஷன், மழையில கிழையில நனைஞ்சிருப்பாரு."

குழு ஆரம்பித்துப் பத்தாவது வருஷம் என்று கண்காட்சி வைத்தார்கள். ஊரைக் கூப்பிட்டு, மைக்ராஸ்கோப் வரிசையில் கல்லைக் காட்டப்போகிறார்கள். நடுவரிசை முழுக்க எங்கள் குவாரிக் கல்தான், இருபத்திரண்டு சிவப்புப் புள்ளி. தம்பியிடம் சொன்னதும் அவன் ஒரு சேதி வைத்திருந்தான்.

"நானும் ஒரு வேலை பண்ணிட்டேன்ணே. கீழ்க்குழியைத் திங்கக்கிழமைலேருந்து முழுசா எடுக்கப்போறாங்க. அங்க வெள்ளைப் பட்டை ஒரு முழ அகலம் போகுது. எவனும் போகமாட்டேங்கிறான், மூக்கு அரிக்குதாம். நான் போறேன்னு மேஸ்திரிகிட்ட நானே கேட்டு வாங்கிட்டேன். இனிமே மூட்டை மூட்டையா கொண்டாரலாம்!"

"பலே தம்பி!" என்று நான் அவன் முதுகில் தட்டினேன். தட்டிய இடத்திலிருந்து பொடி பறந்தது.

கண்காட்சிக்கு முந்தைய நாள், சனிக்கிழமை, பெட்டிகளை அடுக்க எல்லோரும் கூடினோம். வருகிறவர்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பல்டாக்டர் ஒரு விதிமுறைத் தாள் கொடுத்தார். லென்ஸைத் தொட விடாதீர்கள், குழந்தைகளைத் தூக்கிக் காட்டுங்கள் என்று வரிசையாகப் போய், ஏழாவதாக இப்படி இருந்தது: 'சிவப்புப் புள்ளி உள்ள பெட்டிகள் கல்நார் வகை. எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. தவறித் திறந்துவிட்டால் மூச்சை அடக்கி, முகக்கவசம் அணிந்து, ஈரத்துணியால் மூடவும்.'

இரண்டு தடவை படித்தேன். கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், எனக்குத் தெரியாத வார்த்தை இல்லை. எக்ஸ்ரே ரூம் வாசலில் காதில் விழுந்ததுதான். அதைப் போட்டுக் கூரை ஷீட் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் வருவார்கள், மாடிப்படி ஏற முடியாமல். அது ஏதோ மெஷினில் செய்கிற சமாசாரம் என்றே நினைத்திருந்தேன். பாறைக்குள் மயிர் மாதிரி முளைக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

"புரொபசர், இந்தச் சிவப்புப் புள்ளி..."

"ஆமா, நார் வகை. ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

"ரொம்ப நல்ல கல்லுன்னு வெக்கிறீங்கன்னு நெனச்சேன்."

சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார். "நல்ல கல்லுதான் சார்! இவ்வளவு நீளமான ஊசி நாப்பது வருஷத்துல நான் பாத்ததில்ல. ஆனா மூச்சுல உள்ள போச்சுன்னா வெளிய வராது. நுரையீரல்ல குத்திக்கிட்டு அப்படியே நிக்கும். பத்து வருஷம், இருபது வருஷம் கழிச்சு வேலையக் காட்டும். அதான் புள்ளி."

"வீட்டுல வெச்சு உடைக்கிறாங்க புரொபசர். அந்தப் பையனோட பெண்டாட்டி உடைக்கிறா. வாயால ஊதுறா."

"வீட்டுலயா? சே சே, அது தப்பாச்சே. நனைச்சுட்டுல்ல உடைக்கணும்."

"நீங்க யாரும் சொல்லலையே?"

"அவங்க நம்ம மெம்பர் இல்லையே சார். விதிமுறையெல்லாம் மெம்பருக்குத்தான?" என்றார். குரலில் வஞ்சகம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கணக்குப் பாடம் சொல்லித் தருகிற மாதிரிச் சொன்னார்.

பல்டாக்டர் பெட்டியைத் துடைத்தபடியே சேர்ந்துகொண்டார். "சொன்னா என்ன ஆகும் யோசிங்க. அவரு போய் மேஸ்திரியக் கேப்பாரு. மேஸ்திரி ஓனர்கிட்டப் போவாரு. ஓனர் கேட்டைச் சாத்திருவாரு. அப்புறம் நமக்கு ஒரு துண்டு கிடைக்குமா? எப்படியும் அந்தாளு அங்கதான வேலை பாக்கப்போறாரு. இந்தாங்க, பிஸ்கட் எடுத்துக்குங்க."

தட்டை நீட்டினார். மலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோறு தின்றவன் நான். அந்த பிஸ்கட்டைத் தொட முடியவில்லை. படியில் தடதடவென்று இறங்கி, கீழே நோயாளிகள் வாய் கொப்புளித்துத் துப்புகிற தொட்டியில் குனிந்து வாந்தி எடுத்தேன். சீ, என்ன மனுஷ ஜென்மங்கள்! தண்ணீர் திறந்துவிட்டுக் கழுவும்போது கண்ணாடியில் ஒரு மூஞ்சி தெரிந்தது. அதன் மேலும் துப்ப வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்கு வந்தபோது தங்கச்சி இஸ்திரிப் பெட்டியோடு நின்றிருந்தாள். சொன்னேன். தேய்த்துக்கொண்டிருந்த சட்டையைத் தேய்த்து முடித்தாள், மடித்தாள், அடுக்கில் வைத்தாள். அப்புறம்தான் பேசினாள்.

"அண்ணே, அந்தப் பொடியில பாதி நான் ஊதினதுதானே?"

"ஆமாம்மா."

"அவரு இருமுறது இதனாலயா?"

"ஒன்பது வருஷத் தூசு தனி. இது எவ்வளவுன்னு எக்ஸ்ரே எடுத்தாதான் தெரியும். ஆனா கீழ்க்குழிக்கு மட்டும் போகக் கூடாது. அங்க பட்டையே அதுதான்."

அவள் அழவில்லை. டிவி மேலிருந்த கட்டியை ஈரத்துணியில் சுருட்டி, பாலிதீன் பையில் போட்டு இறுகக் கட்டினாள். பின்வாசலுக்குப் போய் முற்றம் முழுக்கக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். பக்கத்து வீட்டுக்காரி, தண்ணி வராத நாளில் இதென்ன கூத்து என்று சத்தம் போட்டாள். இவள் காதில் வாங்கவே இல்லை.

தம்பிதான் நம்பவில்லை. சாயங்காலம் வந்தவனை அவள் துண்டால் அடிக்கவில்லை, தலையோடு தண்ணீரை ஊற்றினாள். ஈரத்தோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டான்.

"விளையாடுறீங்களாண்ணே? இந்த ஷீட்டுக் கூரைக்குக் கீழதான் பொறந்ததுலேருந்து படுத்திருக்கேன்."

"அது சிமெண்ட்டுல கெட்டியா இருக்கு தம்பி. நீ அதைத் துளை போட்டுப் பறக்கவிடுற."

"அவங்க எவ்வளவு படிச்சவங்க. வெஷம்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாங்களா? அந்த அய்யா அன்னிக்கு என்கூட அரை மணி நேரம் பேசினாருண்ணே."

"சொல்லலடா. நான் கேட்டுட்டு வந்துதான் சொல்றேன்."

"நீங்கதான் புள்ளி வெச்சா நல்ல கல்லுன்னு சொன்னீங்க. இருமலுக்கு ஒண்ணுமில்லன்னும் நீங்கதான் சொன்னீங்க. இப்ப வெஷம்னும் நீங்களே சொல்றீங்க. நான் எதை நம்புறது?"

அவன் கேட்டதில் என்ன தப்பு?

"கேட்டு வாங்கின வேலைண்ணே அது. திங்கக்கிழமை போய், புள்ளி வெச்சிட்டாங்க, வரமாட்டேன்னு சொன்னா மேஸ்திரி சிரிக்கமாட்டாரு? நீங்க வயசானவரு, எதையோ தப்பாப் புரிஞ்சிக்கிட்டீங்க. விடுங்க" என்று எழுந்து போய்விட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் குட்டையாக மூன்று, இழுத்து ஒன்று.

சற்று நேரம் கழித்து அவள் கிண்ணத்தோடு வந்தாள். அன்றைக்கும் கொண்டுவந்தாள், அதைச் சொல்ல வேண்டும். "நாளைக்கு அந்தக் காட்சிக்கு யாரு வேணா போலாமாண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். அவன் கத்தி மாதிரி மடிப்பு வைத்துத் தேய்த்த சட்டை போட்டிருந்தான். தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தான். ஹாலில் இருபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். புரொபசர் தூரத்திலிருந்தே கையை விரித்தார்.

"வாங்க வாங்க! நடுவரிசைக்கே இவருதாங்க காரணம்!"

தம்பி கூச்சத்தில் நெளிந்தான். பார்த்தீர்களா என்பது போல் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

தங்கச்சி நேராக நடுவரிசைக்குப் போனாள். மைக்ராஸ்கோப் அடியில் ஒரு பெட்டி இருந்தது. பல்டாக்டர் ஓடிவந்து, எப்படிக் குனிய வேண்டும், எந்தத் திருகைத் திருப்ப வேண்டும் என்று காட்டினார். நெடுநேரம் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்கு" என்றாள். அப்புறம் சீட்டைப் படித்தாள். "சேகரித்தவர்னு உங்க பேருதாண்ணே போட்டிருக்கு."

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மைக்ராஸ்கோப்பின் கீழிருந்து பெட்டியை இரண்டு விரலால் எடுத்தாள். மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஹாலைப் பார்த்துத் திரும்பி நின்றாள். கட்டைவிரல் நகத்தை மூடியின் விளிம்பில் கொடுத்தாள்.

"இத மூடி வழியாப் பாத்தா சரியாத் தெரியலைங்க. தெறந்து பாக்கட்டுமா?"

அவ்வளவுதான். புரொபசர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் சாய்ந்தார், கர்ச்சீப் மூக்குக்குப் போய்விட்டது. பல்டாக்டர் "ஐயோ, வேண்டாம்மா!" என்று கத்திக்கொண்டே சட்டைக் கையால் வாயைப் பொத்தினார். சுவரோரம் நின்ற மற்ற மெம்பர்கள், ஒருத்தர் பாக்கியில்லை, ஒரே நேரத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு பால்கனிப் பக்கம் ஒதுங்கினார்கள். விஷயம் தெரியாத பொதுஜனம் மட்டும் என்ன ஏது என்று விழித்தது. என் கை எங்கே இருந்தது என்று கேட்கிறீர்களா? என் மூக்கின் மேல்தான். நான் கொண்டுபோய் வைக்கவில்லை, தானாகப் போயிருந்தது. பதினாலு மாதம் அவள் ஊத ஊதப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்த கை.

மூடி மூடியபடியே இருந்தது. அவள் திறக்கவே இல்லை. பெட்டியை எடுத்த இடத்திலேயே, சீட்டு நேராகத் தெரிகிற மாதிரி வைத்தாள். புருஷன் பக்கம் திரும்பினாள்.

தம்பி நடு ஹாலில் இரண்டு கையையும் தொங்கவிட்டபடி நின்றுகொண்டிருந்தான். பொத்திய முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். புள்ளி வைத்த வரிசையைப் பார்த்தான். கடைசியில் புரொபசரிடம் போய் நின்றான். அவர் இன்னும் கர்ச்சீப்பை எடுக்கவில்லை.

இருமல் வந்தது. மூன்று, இழுத்து ஒன்று. அது அடங்குகிறவரைக்கும் காத்திருந்துவிட்டு, மரியாதை குறையாமலே சொன்னான்.

"அப்ப அய்யாவுக்கு அன்னிக்கும் சளி இல்ல."